ரத்தம் சிந்தாத மானின் தடம்

“அம்பு தைத்த மான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?”

தினைப்புனம் காக்கும் பெண்களிடம் வில்லும் கையுமாக வந்து நிற்கும் இளைஞன் கேட்கும் கேள்வி இது. தமிழ் அக இலக்கியத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் ‘கலைமான் வினாதல்’ என்றே ஒரு துறை இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே ‘வேழம் வினாதல்’ வருகிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலும் தலைவன் வேட்டை நாய்களோடு வந்து, தன்னிடமிருந்து தப்பிய விலங்கைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறான். அவன் தேடி வந்தது மானை இல்லை என்று தோழிக்குத் தெரியும். படிக்கிற நமக்கும் தெரியும்.

ஆனால் அந்தக் காலத்துக் கேட்பவர்கள் நம்பும்படியாக அந்தச் சாக்கு இருந்ததால்தானே அது பாட்டில் ஏறியிருக்கிறது? மான் ரத்தம் சொட்டச் சொட்ட ஓடியிருந்தால் அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே போயிருப்பான். அம்பு பட்டது உறுதி, ஆனால் தரையில் ஒரு துளிகூட இல்லை, மான் போன திசையும் தெரியவில்லை. வேடர்களுக்கு இது அடிக்கடி நேர்ந்த சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு வில்லும் தேடலும் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. வில்லி, கண்டன் என்ற வேட்டுவச் சகோதரர்களில் கண்டனைப் புலி அடித்துவிட, அது தெரியாமல் காடெல்லாம் தம்பியைத் தேடி அலைந்த வில்லி களைத்துத் தூங்கினான், கனவில் பெருமாள் வந்தார், அவன் காடு திருத்தி எழுப்பிய ஊர்தான் வில்லிபுத்தூர் என்கிறது தலபுராணம். தடம் தெரியாமல் தேடியவனின் பெயரை ஊரே இன்றும் தாங்கி நிற்கிறது.

அந்தக் காட்டில் இன்று வில்லெடுக்க யாருக்கும் உரிமை இல்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. வேட்டைக்கு முயல்வதும், பொறி வைப்பதும், விலங்கை விரட்டுவதும்கூட அந்தச் சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். செண்பகத்தோப்பையும் ராஜபாளையம் அய்யனார் கோவிலையும் ஒட்டி மேலேறும் மலைகள் 1988-இல் சாம்பல் நிற மலை அணிலுக்கான சரணாலயம் ஆயின. 2021-இல் மேகமலையோடு சேர்த்து சுமார் 1,016 சதுர கிலோமீட்டரில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டன. இங்கே புள்ளிமான் உண்டு, மிளா உண்டு, கேளையாடு உண்டு, சருகுக்குள் ஒளியும் சருகுமானும் உண்டு.

அடிபட்ட மான்களும் உண்டு. சுருக்குக் கம்பியில் கால் மாட்டி அறுத்துக்கொண்டு போனது, கோடையில் தண்ணீர் தேடி இறங்கி வந்து வண்டியில் மோதியது, தெருநாய்கள் விரட்டி மூச்சிரைக்க மறுபடி காட்டுக்குள் ஓடியது என்று காரணங்கள் மாறியிருக்கின்றன. இவற்றில் பல தரையில் ரத்தம் சிந்துவதில்லை. ஆக, தலைவன் கேட்ட கேள்வியை இன்று வனத்துறைக்காரர்கள் கேட்க வேண்டியிருக்கிறது, அதுவும் மானைக் காப்பாற்றுவதற்காக.

ரத்தம் ஏன் வருவதில்லை?

பாலூட்டிகளின் உடல் எடையில் பொதுவாக 7 முதல் 8 சதவீதம் ரத்தம். எழுபது கிலோ புள்ளிமான் கிடா என்றால் ஏறத்தாழ 5 லிட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு வேகமாகக் குழாயை விட்டு வெளியேறினால் மான் நிற்க முடியாமல் விழும். கவனிக்க வேண்டியது, ‘குழாயை விட்டு’ என்பதை. உடலை விட்டு வெளியேற வேண்டும் என்று கட்டாயமில்லை.

மார்பின் மேல்பகுதியில் அம்பு நுழைந்து மறுபக்கம் வராமல் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடத்தின் கழுத்தருகே ஓட்டை போட்டால், தண்ணீர் அந்த உயரம் வரை ஏறினால்தான் வெளியே வழியும். மார்புக்கூடும் அப்படித்தான். நுரையீரலிலிருந்து கசியும் ரத்தம் அடியிலிருந்து நிரம்பிக்கொண்டே வரும், வெளியே ஈரம்கூடத் தெரியாது. தைத்த அம்பே ஓட்டைக்கு அடைப்பாகவும் ஆகிவிடும்.

தோலின் குணமும் இதில் சேர்ந்துகொள்ளும். மானின் தோல் தசையின் மேல் வழுக்கி நகரக்கூடியது. முன்னங்காலை நீட்டி நின்றபோது தோலும் தசையும் ஒரே நேரில் துளைபட்டிருக்கும். அது பாய்ந்து ஓடும்போது தோல் இழுபட்டு, தோலின் ஓட்டை ஒரு பக்கமும் தசையின் ஓட்டை இன்னொரு பக்கமுமாகிவிடும், சன்னல் கதவை இழுத்து மூடியது போல. வயிற்றில் பட்டால் குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வே ஓட்டைக்குள் பிதுங்கி அடைத்துக்கொள்ளும். இதற்கு மேல், பயத்தில் பொங்கும் அட்ரினலின் தோலுக்குப் போகும் நுண்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. மிச்சம் கசிகிற கொஞ்சத்தையும் ரோமம் உறிஞ்சிக்கொள்கிறது.

ரத்தம் இல்லை என்பதால் காயம் லேசானது என்று நினைத்துவிடுவது இதனால்தான் ஆபத்து. நுரையீரலில் பட்டது கொஞ்ச தூரத்திலேயே விழுந்து கிடக்கும், சுத்தமான தரையைப் பார்த்துவிட்டு நாம் திரும்பி வந்திருப்போம். வயிற்றில் பட்டது மணிக்கணக்கில் புதருக்குள் முனகிக்கொண்டிருக்கும்.

செண்பகத்தோப்பு ஓடை மணலில் ஒரு விடியற்காலையில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரோடு நடந்திருக்கிறேன். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பளியர் அவர். தேனும் கிழங்கும் எடுத்துப் பழகிய கண். இரவில் புள்ளிமான் கூட்டம் ஒன்று ஓடையைத் தாண்டிப் போயிருந்தது. நான் குனிந்து மணலை உற்றுப் பார்த்தேன், எனக்கு மேடும் பள்ளமும்தான் தெரிந்தன.

“மண்ணப் பாக்காதீங்க சார், நெழலப் பாருங்க. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க, சூரியன் ஒங்களுக்கு எதுத்தாப்ல இருக்கணும்” என்றார்.

“இங்கயாண்ணே?”

“இன்னும் தள்ளி. தடம் ஒங்களுக்கும் சூரியனுக்கும் நடுவுல வரணும்.”

உட்கார்ந்தேன். அதே மணலில் குளம்படிகள் வரிசையாக எழுந்து நின்றன. சாய்வான வெயிலில் ஒவ்வொரு பள்ளத்தின் விளிம்பும் கறுப்புக் கோடு போட்டுக் காட்டியது. இதயத்தை இரண்டாகப் பிளந்தது போன்ற வடிவம், கூர்முனை போகும் திசையில், நீளம் ஏறத்தாழ என் கட்டைவிரல் அளவு. புள்ளிமானின் குளம்பு 4 முதல் 6 சென்டிமீட்டர்தான். முன்குளம்பு பின்குளம்பைவிடப் பெரியது.

நிதானமாக நடக்கும் மான், முன்கால் வைத்த இடத்திலோ அதை ஒட்டியோதான் பின்காலை வைக்கும். ஓடும்போது குளம்பின் இரு பாதிகளும் விரியும், பின்னால் இருக்கும் இரண்டு சிறு குளம்புகளும் மண்ணில் புள்ளி வைக்கும். காலில் அடிபட்ட மானின் தடம் இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. ஒரு தடம் மட்டும் ஆழம் குறைந்திருக்கும், அதற்கு எதிர்க்காலின் தடம் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியிருக்கும். நொண்டும் காலுக்கு முன்னால் மணலில் மெல்லிய இழுவைக் கோடு இருக்கும். எட்டுகள் குறுகும். வயிற்று வலியோடு போகும் மான் முதுகைக் கூனி, சின்னச் சின்ன எட்டாக வைத்து நடக்கும். ஒரு துளி ரத்தம்கூட இல்லாமல் எந்தக் கால், எவ்வளவு மோசம் என்பதை மணல் சொல்லிவிடுகிறது.

தடம் எத்தனை மணிக்குரியது என்பதையும் சொல்கிறது. புதிய தடத்தின் விளிம்பு கூராக நிற்கும், காயக் காய உதிரும். பனித்துளி தடத்துக்குள்ளும் இருந்தால் இரவில் போனது, சுற்றிலும் பனி இருந்து தடத்தில் மட்டும் கலைந்திருந்தால் விடிந்த பிறகு போனது. தென்னாப்பிரிக்காவின் லூயி லீபென்பர்க் கலஹாரிப் பாலைவனத்து சான் மக்களோடு பல காலம் தடம் பார்த்தவர். அறிவியல் சிந்தனையே தடம் பார்ப்பதில் பிறந்தது என்று 1990-இல் ஒரு நூலே எழுதினார். கிடைத்த அரைகுறைச் சான்றிலிருந்து ஓர் ஊகம், அந்த ஊகம் சரியானால் அடுத்த சான்று எங்கே இருக்க வேண்டும் என்ற கணிப்பு, போய்ப் பார்த்துச் சரிபார்த்தல், தவறானால் பழைய இடத்துக்கே திரும்புதல். ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் இதுதான். ஓடை மணலில் என் பக்கத்தில் குந்தியிருந்தவரை ஆய்வாளர் என்று அழைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

பாறையும் சருகும் வந்தால் மணலின் உதவி போய்விடும். அப்போது உடலியல் கை கொடுக்கும். ரத்தம் உள்ளுக்குள் கசிந்தாலும் குழாய்களில் அளவு குறைந்ததைச் சிறுநீரகம் உணர்ந்துவிடுகிறது. அது கிளப்பிவிடும் ஹார்மோன் சங்கிலி மூளையில் தாகத்தைத் தூண்டுகிறது. அடிபட்ட விலங்கு தண்ணீருக்குப் போகும் என்ற காட்டு நம்பிக்கைக்குப் பின்னால் இருப்பது இதுதான். எல்லா மானும் போய்விடாது என்றாலும், தடம் அறுந்த இடத்திலிருந்து அருகிலுள்ள ஓடையையும், கோடைக்காக வனத்துறை கட்டியிருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் முதலில் பார்ப்பது வீண் வேலை ஆகாது. ஈக்களும் உதவும். பிணந்தின்னி ஈக்கள் சில நிமிடங்களிலேயே செத்த உடலைத் தேடி வந்துவிடும். வானத்தில் வட்டமிட்டு இடம் காட்டிய பாறுக் கழுகுகள்தான் இப்போது இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து அவற்றை நாடெங்கும் ஏறக்குறைய அழித்துவிட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டும், விட்ட இடத்தைப் பிடிக்க அவற்றால் முடியவில்லை. அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

இனி மோப்பத்துக்கு வருவோம். ரத்தம் இல்லாத இடத்தில் நாய் எதை மோந்து போகிறது?

மானின் குளம்புகளுக்கிடையே சுரப்பிகள் உண்டு. புள்ளிமானுக்குப் பின்கால்களில் அவை நன்றாக வளர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு எட்டிலும் அந்தச் சுரப்பி நீரில் இம்மியளவு மண்ணில் ஒட்டுகிறது. மிதிபட்ட புல்லிலிருந்து எழும் பச்சை வாசனையும், புரண்ட மண்ணிலிருந்து வரும் வாசனையும் அதோடு சேர்கின்றன. ஜெர்மனியில் அடிபட்ட விலங்கைத் தேடும் நாய்களைப் பழக்க ஒரு தனிக் காலணியே வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் நிஜ மான் குளம்பைப் பொருத்திக்கொண்டு பயிற்சியாளர் காட்டில் ஒரு கிலோமீட்டர் நடப்பார். 20 மணி நேரம் கழித்து நாயை விடுவார்கள். நல்ல நாய் கடைசி வரை போய்விடும். குளம்பின் வாசனை எவ்வளவு உதவும் என்பதை இது காட்டுகிறது.

நம் மூக்கில் வாசனை உணரும் செல்கள் 50, 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல். எண்ணிக்கையைவிட எனக்கு வியப்பு அந்த மூக்கின் அமைப்பில்தான். நாயின் மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் ஒரு கீறல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இழுக்கும் காற்று முன்பக்கமாகப் போகும், வெளிவிடும் காற்று அந்தக் கீறல் வழியே பக்கவாட்டில் பீறிடும். முகர வேண்டிய வாசனையை நாய் தன் மூச்சாலேயே கலைத்துவிடுவதில்லை. உள்ளே போன காற்றிலும் எட்டில் ஒரு பங்கு மட்டும் பிரிந்து, மூக்கின் பின்கோடியில் உள்ள தனி அறைக்குப் போகிறது. மீதி நுரையீரலுக்கு. தடத்தில் முகரும்போது இது நொடிக்கு ஐந்தாறு முறை நடக்கிறது.

மான் எந்தப் பக்கம் போனது என்பது அடுத்த கேள்வி. தடத்தின் நடுவில் நாயை விட்டால், வந்த வழியே பின்னோக்கிப் போய்விடாதா? 1993-இல் ஓஸ்லோவில் நார்வே ஆய்வாளர்கள் மனிதர் நடந்த தடத்துக்குக் குறுக்கே ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். மூன்று முதல் ஐந்து நொடி, இரண்டு முதல் ஐந்து காலடிகள், அதற்குள் நாய்கள் சரியான திசைக்குத் திரும்பிவிட்டன. 2005-இல் பெல்ஃபாஸ்டில் காலடிகளைத் தனித்தனிக் கம்பளத் துண்டுகளில் பதியவைத்துச் சோதித்தார்கள். ஐந்து காலடி இருந்தால் நாய் திசையைச் சொல்லிவிட்டது, மூன்றே இருந்தால் தடுமாறியது. துண்டுகளின் வரிசையை மாற்றியபோதும் தடுமாறியது. முதல் காலடிக்கும் ஐந்தாவது காலடிக்கும் நடுவே கழிவது ஒன்றிரண்டு நொடி. அந்த ஒன்றிரண்டு நொடியில் வாசனை எவ்வளவு மங்கியிருக்கும் என்ற வித்தியாசத்தை நாயின் மூக்கு அளந்துவிடுகிறது!

ராஜபாளையம் என்றதும் எல்லாருக்கும் நாய் நினைவுக்கு வரும். வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால்கள். 2005-இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த நாட்டு இனங்களில் அதுவும் ஒன்று. வேட்டை நாய் என்றாலே மோப்ப நாய் என்று நினைக்கிறவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ராஜபாளையம் நாய் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். நீண்ட முகமுள்ள நாய்களின் விழித்திரையில் பார்வை நரம்புச் செல்கள் கிடைமட்டமாக ஒரு பட்டைபோல அடர்ந்திருப்பதை 2004-இல் சிட்னி ஆய்வாளர்கள் காட்டினார்கள். தொடுவானம் நெடுக அசைகிற எதுவும் அந்தப் பட்டையில் சிக்கும். பொட்டலில் முயலை விரட்ட அது போதும். நேற்று இரவு போன மானை இன்று காலையில் தேடுவது வேறு வேலை, அதற்கு மோப்பத்துக்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்ட இனங்கள் மேல். ராஜபாளையத்துக்கு மூக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓட்டத்துக்கும் கண்ணுக்குமாகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாயை, மூக்கை வைத்து எடை போடுவது அதற்குச் செய்யும் அநியாயம்.

வன உயிரின வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2008-இல் தொடங்கிய திட்டத்தில் வனக்குற்றங்களுக்கென மோப்ப நாய்களைப் பழக்கி மாநிலங்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். தமிழ்நாட்டுக்கும் அப்படி வந்தவை உண்டு. நாய் கண்டுபிடித்த இடத்தில் ரத்தமே இல்லாவிட்டாலும், நாலு ரோமமோ கொஞ்சம் புழுக்கையோ இருந்தால் போதும். ஹைதராபாதில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் லாகோன்ஸ் ஆய்வுக்கூடம் டி.என்.ஏ.வை வைத்து அது எந்த விலங்கு என்று சொல்லிவிடும், சமைத்த கறியாக இருந்தாலும்கூட.

ரத்தமில்லாத தடங்களிலேயே கொடியது ஒன்று இருக்கிறது. தெருநாய்கள் விரட்டிய மான். ஊரார் நாய்களை அடித்துத் துரத்தி மானைப் பிடித்து, தண்ணீர் தெளித்து, கூட்டமாகச் சுற்றி நின்று போட்டோ எடுத்து, காட்டில் விட்டுவிடுவார்கள். உடம்பில் கீறல்கூட இருக்காது. பிறகு அந்த மான் செத்துக் கிடக்கும். கால்நடை மருத்துவர்கள் இதைக் ‘கேப்சர் மயோபதி’ என்கிறார்கள். தாங்க முடியாத ஓட்டத்திலும் பயத்திலும் தசைகளில் அமிலம் ஏறி, தசைநார்கள் சிதைகின்றன. தசைக்குள் இருந்த மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது. சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். பின்னங்கால்கள் விறைக்கும். சில மணி நேரத்திலும் சாகலாம், சில நாள் கழித்தும் சாகலாம். முற்றிவிட்டால் மருந்து அனேகமாகப் பலிப்பதில்லை. காப்பாற்றுவதாக நினைத்து நாம் துரத்துகிற ஒவ்வொரு அடியும் நாய்கள் தொடங்கியதை முடித்துவைக்கிறது.

ஆகவே, ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், சதுரகிரிக்கும் அய்யனார் கோவிலுக்கும் நடந்து போகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. காலில் கம்பியோடு ஒரு மானைப் பார்த்தாலோ, நொண்டிக்கொண்டு புதருக்குள் மறையும் மானைப் பார்த்தாலோ பின்னால் ஓடாதீர்கள். கூட நாய் இருந்தால் கட்டிப் போடுங்கள். ரத்தம் இருக்கிறதா என்று தரையை மிதித்துத் தேடாதீர்கள், உங்கள் செருப்புத் தடம் மானின் தடத்தை அழித்துவிடும். கடைசியாக மானைப் பார்த்த இடத்தில் ஒரு கல்லை வையுங்கள், அது போன திசையில் ஒரு குச்சியைக் கிடத்துங்கள், நேரத்தைக் குறித்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தடம் பார்க்கத் தெரிந்தவர் வந்து அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குவார்.